பழைய சிஎன்சி மெஷினில் இருண்டுபோன டியூப் மானிட்டரை எடுத்துவிட்டு எல்சிடி திரை பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

1980களிலும் 90களிலும் வந்த சிஎன்சி (கணினி ஓட்டும்) லேத், மில்லிங் மெஷின்கள் பல இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. வார்ப்பிரும்பு படுக்கை அப்படியே இருக்கும், ஸ்பிண்டில் சத்தமில்லாமல் ஓடும், மெஷினை இயக்கும் கணினியான கன்ட்ரோலும் சரியாக வேலை செய்யும். முதலில் சாவது பெரும்பாலும் திரைதான். டியூப் மானிட்டர் மெஷின் ஆன் ஆகியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் எரிந்துகொண்டே இருக்கிறது. அதன் ஆயுள் மெஷினின் ஆயுளைவிடக் குறைவு.

திரை போனதும் ஒரு எல்சிடியையும், பழைய சிக்னலை அதற்கு ஏற்றபடி மாற்றும் ஒரு மாற்றிப் பலகையையும் வாங்கி வந்து மாட்டிப் பார்ப்பவர்களே அதிகம். படம் வராது. வேறொரு மாற்றி வாங்குவார்கள். அப்புறம் மெஷின் ஒரு மூலையில் மூடி வைக்கப்படும். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: கன்ட்ரோல் என்ன சிக்னலை அனுப்புகிறது என்று அளந்து தாளில் எழுதிய பிறகே எதையும் வாங்குங்கள். அந்த அளவு கையில் இருந்தால் மீதி வேலை ஒரு நாளில் முடியும்.

திரைதான் கெட்டதா?

மெஷினை ஆன் செய்து, ஆபரேட்டரிடம் வழக்கம்போல் ஹோம் எடுக்க, அதாவது அச்சுகளைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அச்சுகள் நகர்ந்து ரெஃபரன்ஸ் விளக்கு எரிந்தால் கன்ட்ரோல் உயிரோடு இருக்கிறது, திரை மட்டும்தான் பிரச்சினை. எதுவுமே அசையாவிட்டால் முதலில் கன்ட்ரோலைப் பாருங்கள். திரையை மாற்றி அங்கே பயனில்லை.

அடுத்து மானிட்டரையே கவனியுங்கள். ஆன் செய்ததும் கையின் முடி கண்ணாடிக்கு அருகே சிலிர்த்தால் உயர் மின்னழுத்தம் வருகிறது. பின்பக்கத் துளை வழியே டியூபின் கழுத்தில் மெல்லிய ஆரஞ்சு ஒளி தெரிந்தால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது. திரை நடுவே ஒற்றைப் படுக்கைக் கோடு மட்டும் நின்றால் செங்குத்துப் பகுதி போயிருக்கிறது. படம் மேலும் கீழும் ஓடினால் சிங்க் (ஒவ்வொரு வரியும் படமும் எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லும் துடிப்பு) ஒயரோ அதன் கனெக்டரோ தளர்ந்திருக்கலாம். இவற்றில் சில அரை மணி நேர வேலைதான். ஃபிளைபேக் டிரான்ஸ்ஃபார்மரின் கால்களில் விரிசல் விட்ட சாலிடர், காய்ந்துபோன கெப்பாசிட்டர், எரிந்த ஃபியூஸ் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பழைய டிவி ரிப்பேர் தெரிந்தவர் அருகில் இருந்தால் முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.

ஹீட்டர் எரிகிறது, உயர் மின்னழுத்தம் வருகிறது, பிரைட்னஸை முழுதாக ஏற்றினாலும் எழுத்து மங்கிக் கலங்கித் தெரிகிறது என்றால் டியூபின் கேத்தோடு தேய்ந்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை, எல்சிடிதான் வழி.

பேட்டரியும் பாராமீட்டர்களும்

திரை வேலையில் இது எதற்கு என்று தோன்றலாம். அந்தக் காலத்து கன்ட்ரோல்களில் மெஷினின் பாராமீட்டர்கள், பேக்லாஷ் (அச்சுத் திருகின் தளர்வு) அளவுகள், டூல் ஆஃப்செட்டுகள் (ஒவ்வொரு வெட்டும் கருவிக்குமான திருத்த அளவுகள்) எல்லாம் பேட்டரியை நம்பியிருக்கும் மெமரியில் உட்கார்ந்திருக்கும். திரை வேலைக்காக மெஷினைப் பல நாள் ஆஃப் செய்து வைக்கும்போது பேட்டரி பலவீனமாக இருந்தால், திரை வரும் அன்று மெமரி காலியாக இருக்கும். திரை பழுதைவிடப் பத்து மடங்கு பெரிய தலைவலி அது.

அதனால் பேட்டரி மின்னழுத்தத்தை முதலில் அளங்கள். ஃபானுக் கம்பெனியின் பழைய 0 வரிசைக் கன்ட்ரோல்களில் மூன்று டி அளவு பேட்டரிகள் ஒரு பெட்டியில் இருக்கும். மூன்றும் சேர்ந்து 4.5 வோல்ட். மாற்ற வேண்டுமென்றால் கன்ட்ரோல் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். ஆஃப் செய்துவிட்டு எடுத்தால் எல்லாம் அழிந்துவிடும். மின்பெட்டிக் கதவின் உட்புறத்திலோ மெஷினோடு வந்த கோப்பிலோ பாராமீட்டர் அச்சுத்தாள் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் கேபிள் இணைப்பு வழியே பாராமீட்டர்களைக் கணினிக்கு எடுப்பதுதான் சரியான பேக்கப். திரை இல்லாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு அதைச் செய்ய முயல வேண்டாம். தற்காலிகமாக ஒரு படம் கிடைத்த உடனே செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

சிக்னலை அளப்பது

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது.

மெஷினை மெயின் ஐசொலேட்டரில் (பிரதான சுவிட்சில்) ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள். சர்வோ டிரைவ்களில் மின்னழுத்தம் இறங்கச் சில நிமிடம் பொறுங்கள். பிறகு மானிட்டரின் பின்னால் வரும் கேபிள்களைப் பாருங்கள். பொதுவாக இரண்டு இருக்கும்: ஒன்று மின்சாரம், மற்றது சிக்னல். சிக்னல் கனெக்டரைக் கழற்றிவிட்டால் டியூப் பக்கமே போகாமல் கேபிள் முனையில் எல்லாவற்றையும் அளக்கலாம். கழற்றும் முன் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு ஒயரின் நிறத்தையும் பின் எண்ணையும் எழுதுங்கள்.

ஒயர்களின் எண்ணிக்கையே பாதி கதையைச் சொல்லிவிடும். ஒரே ஒரு கோஆக்சியல் ஒயர் வந்தால் அது கம்போசிட் வீடியோ. படம், படுக்கை சிங்க், செங்குத்து சிங்க் என்று கிரவுண்டுடன் மூன்று ஒயர் வந்தால் ஒற்றை நிற டிடிஎல், அதாவது ஆன், ஆஃப் என்று இரண்டே நிலைகளில் குதிக்கும் டிஜிட்டல் சிக்னல். 9 அங்குலப் பச்சைத் திரை உள்ள கன்ட்ரோல்களில் இதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றும் அதோடு ஒன்றோ இரண்டோ சிங்க் ஒயர்களும் வந்தால் வண்ணத் திரை. வண்ணத்துக்கு மூன்றே கோஆக்சியல் மட்டும் வந்து சிங்க் ஒயரே காணோம் என்றால், சிங்க் பச்சை ஒயரின் மேலேயே ஏறி வருகிறது. பிராண்டை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரே கம்பெனியின் 9 அங்குல ஒற்றை நிறத் திரையும் 14 அங்குல வண்ணத் திரையும் வேறு வேறு சிக்னலில் ஓடுவது சாதாரணம்.

அடுத்து கிரவுண்ட். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, எந்தெந்தப் பின்கள் கன்ட்ரோலின் சிக்னல் கிரவுண்டோடு சேர்கின்றன என்று பாருங்கள். இதுவரை மெஷின் ஆஃப்.

இப்போது கன்ட்ரோலை ஆன் செய்து ஆஸிலாஸ்கோப்பில் பாருங்கள். புரோபை 10 மடங்கு நிலையில் வையுங்கள். கிரவுண்ட் கிளிப்பைச் சிக்னல் கிரவுண்டில் மட்டும் மாட்டுங்கள். மானிட்டரின் உள்ளே இருக்கும் பவர் சப்ளையில் மாட்டவே கூடாது, அதன் முதல்நிலைப் பகுதி நேராக மெயின் மின்சாரத்தோடு சேர்ந்திருக்கலாம். சிங்க் ஒயரில் ஒரு துடிப்பிலிருந்து அடுத்த துடிப்பு வரை எத்தனை மைக்ரோ விநாடி என்று பாருங்கள். இந்த ஒரு எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

64 மைக்ரோ விநாடியை ஒட்டி வந்தால் சுமார் 15.7 கிலோஹெர்ட்ஸ். பழைய டிவியின் வேகம் அது, ஐபிஎம் கணினியின் சிஜிஏ அட்டையும் அதே வேகம்தான். 54 மைக்ரோ விநாடி வந்தால் 18.4 கிலோஹெர்ட்ஸ், அதாவது எம்டிஏ எனப்படும் ஒற்றை நிற அட்டையின் வேகம். அதன் செங்குத்து வேகம் 50 ஹெர்ட்ஸ். 46 மைக்ரோ விநாடி என்றால் 21.85 கிலோஹெர்ட்ஸ், இது இஜிஏ என்ற பழைய வண்ண அட்டையின் வேகம். 32 மைக்ரோ விநாடி வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: 31.5 கிலோஹெர்ட்ஸ், சாதாரண விஜிஏ. அந்த மெஷினுக்கு மாற்றிப் பலகையே தேவைப்படாமல் போகலாம். இவற்றுக்கு இடையே 24, 25 கிலோஹெர்ட்ஸ் போன்ற வேகங்களும் தொழிற்சாலைக் கன்ட்ரோல்களில் உண்டு. கிடைத்த எண்ணைக் கிடைத்தபடியே எழுதுங்கள், பட்டியலில் உள்ள ஒன்றுக்கு இழுத்துப் பொருத்த வேண்டாம்.

அதே ஒயரில் துடிப்பு மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று பாருங்கள். பெரும்பாலான நேரம் தாழ்வாக இருந்து கொஞ்ச நேரம் உயர்ந்தால் பாசிட்டிவ் சிங்க். எதிர்மாறாக இருந்தால் நெகட்டிவ். செங்குத்து சிங்க்குக்கும் அதையே எழுதுங்கள்.

கடைசியாகப் பட ஒயரின் மின்னழுத்தம். 0 வோல்ட்டுக்கும் 4 வோல்ட்டுக்கும் இடையே சதுரமாகக் குதித்தால் டிடிஎல். 1 வோல்ட் அளவில் பல படிகளாக அலைந்தால் அனலாக். அனலாக் சிக்னலை 75 ஓம் சுமை இல்லாமல் அளந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகக் காட்டும். ஒரு 75 ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்கு இணைத்துப் பார்த்தால் உண்மையான 0.7 வோல்ட் தெரியும். இதைக் கவனிக்காமல் டிடிஎல் என்று நினைத்து ஏமாறுவது எளிது.

ஆஸிலாஸ்கோப் இல்லையா? ஹெர்ட்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் டிடிஎல் சிங்க் ஒயரின் வேகம் நேராகவே கிடைக்கும். அதே ஒயரை டிசி வோல்ட்டில் வைத்தால் சராசரி தெரியும்: 1 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் பாசிட்டிவ் சிங்க், 3 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நெகட்டிவ். ஆனால் அனலாக் வண்ணத் திரைக்கும், பச்சையில் ஏறிய சிங்க்குக்கும் மல்டிமீட்டர் போதாது. ஒரு நாளைக்கு ஸ்கோப்பைக் கடன் வாங்கிவிடுங்கள்.

எந்த மாற்றி?

அளவு கையில் இருக்கிறது. இனி மூன்று வழிகள்.

உங்கள் கன்ட்ரோலின் மாடலுக்கென்றே தயாராக வரும் எல்சிடி தொகுப்பு முதல் வழி. பழைய மானிட்டரின் அதே துளைகளில் பொருந்தி, அதே கனெக்டரில் சொருகிக்கொள்ளும். செலவு கூடுதல். ஆனால் மெஷின் நின்றால் உற்பத்தியே நின்றுவிடும் என்ற நிலையில் இருப்பவர்கள் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். வாங்கும் முன் மானிட்டரின் பின்பக்க லேபிளில் உள்ள முழு பாகம் எண்ணைச் சொல்லுங்கள். கன்ட்ரோலின் பெயர் மட்டும் போதாது.

இரண்டாவது வழி, பழைய வீடியோ விளையாட்டு இயந்திரங்களுக்காக வந்த ஜிபிஎஸ்-8200 போன்ற மாற்றிப் பலகைகள். 15, 24, 31 கிலோஹெர்ட்ஸ் அனலாக் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) சிக்னலை எடுத்து விஜிஏ-வாகத் தரும். உங்கள் மெஷின் 15.7 கிலோஹெர்ட்ஸ் அனலாக் வண்ணம் என்றால் இது நல்ல தொடக்கம். 18.4 போன்ற இடைப்பட்ட வேகம் என்றால் இதை நம்பி வாங்காதீர்கள்.

மூன்றாவது, டிடிஎல் சிக்னலுக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ என்ற திறந்த மூலத் திட்டத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினிக்காகத் தொடங்கப்பட்டது. ஒரு ராஸ்பெர்ரி பை ஜீரோவும் அதன்மேல் ஒரு சிறு பலகையும் அவ்வளவுதான். இதன் சிறப்பு, சிக்னலை மனம்போன இடத்தில் மாதிரி எடுக்காமல் ஒவ்வொரு பிக்சலின் நடுவிலும் எடுப்பது. ஒரு வரிக்கு எத்தனை பிக்சல் என்று நாமே சொல்லிக்கொடுக்கலாம். எம்டிஏ-வை எடுத்துக்கொள்ளுங்கள்: பிக்சல் வேகம் 16.257 மெகாஹெர்ட்ஸ், ஒரு வரிக்கு மொத்தம் 882 பிக்சல், அதில் கண்ணுக்குத் தெரிவது 720. இந்த எண்களைக் கொடுத்துவிட்டால் எழுத்து கத்தியால் வெட்டியது போல நிற்கும். உங்கள் கன்ட்ரோலின் எண் வேறாக இருந்தால், ஸ்கோப்பில் ஒற்றைப் புள்ளியின் அகலத்தை அளந்து கணக்குப் போடலாம். வரியின் நேரத்தைப் புள்ளியின் நேரத்தால் வகுத்தால் மொத்தப் பிக்சல்.

சாதாரண மாற்றிகளில் எழுத்து சில பத்திகளில் தெளிவாகவும் சில பத்திகளில் கலங்கியும் தெரிவதற்குக் காரணம் இதுதான். கன்ட்ரோல் ஒரு வேகத்தில் புள்ளி வைக்கிறது, மாற்றி வேறொரு வேகத்தில் படிக்கிறது. விளையாட்டுப் படத்துக்கு இது பெரிய குறை இல்லை. மெஷின் திரைக்கு ஆபத்தான குறை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

டிடிஎல்லை அனலாக் மாற்றிக்குக் கொடுக்க வேண்டி வந்தால்

அனலாக் நுழைவு எதிர்பார்ப்பது 75 ஓம் சுமையில் 0.7 வோல்ட். டிடிஎல் 4 வோல்ட் வரை தரும். நேராகக் கொடுத்தால் படம் வெளுத்துவிடும், பலகையும் கெடலாம். நடுவில் தொடராக ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும். கணக்கு எளிது: 4 வோல்ட்டில் 0.7 போக மீதி 3.3 வோல்ட் அந்த ரெசிஸ்டரில் விழ வேண்டும். 75-ஐ 3.3-ஆல் பெருக்கி 0.7-ஆல் வகுத்தால் சுமார் 354. ஆகவே 330 அல்லது 390 ஓம். கன்ட்ரோல் முழு 5 வோல்ட் தந்தால் 470 ஓம்.

ஒற்றை நிற சிக்னலைப் பச்சை நுழைவுக்கு மட்டும் கொடுப்பதே நல்லது. ஆபரேட்டரின் கண் பல ஆண்டுகளாகப் பச்சைக்குப் பழகியிருக்கும். வெள்ளை எழுத்து வேண்டுமென்று அந்த ஒரே வெளியீட்டை மூன்று நுழைவுகளுக்கும் இணைக்காதீர்கள். ஒவ்வொன்றும் 10 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், மூன்றும் சேர்ந்து பழைய டிடிஎல் சில்லால் தாங்க முடியாத சுமை. கன்ட்ரோல் பலகையில் அந்தச் சில் போனால் நம் கையாலேயே மெஷினைக் கெடுத்ததாகிவிடும். வெள்ளைதான் வேண்டும் என்றால் நடுவில் 74எச்சிடி541 போன்ற ஒரு பஃபர் சில்லை வைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி வெளியீடும் தனி ரெசிஸ்டரும் கொடுங்கள்.

மாற்றி ஒற்றை சிங்க் மட்டுமே ஏற்கும் வகை என்றால் படுக்கை, செங்குத்து இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அதற்கு 7486 எக்ஸ்ஓஆர் (XOR) கேட் போதும், தலைகீழாக்க வேண்டிய இடத்திலும் அதே சில் உதவும். சிங்க் நுழைவு 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும் பலகைகளும் உண்டு. அதன் விவரத்தாளைப் பார்த்து மின்னழுத்தத்தைக் குறைத்த பிறகே இணையுங்கள்.

எந்தத் திரை?

4:3 விகிதத் திரையாகவே தேடுங்கள். அகலத்திரை மலிவாகக் கிடைக்கும், ஆனால் படம் பக்கவாட்டில் இழுபடும் அல்லது இரு பக்கமும் கருப்புப் பட்டை நிற்கும். பழைய சட்டத்திலும் பொருந்தாது. 9 அங்குல டியூபின் இடத்துக்கு 8.4 அங்குல எல்சிடி, 14 அங்குல டியூபின் இடத்துக்கு 10.4 அல்லது 12.1 அங்குலம். இவற்றின் படப் பரப்பு முறையே சுமார் 171க்கு 128, 211க்கு 158, 246க்கு 184 மில்லிமீட்டர். இந்த எண்களை உங்கள் முகப்புச் சட்டத்தின் திறப்போடு ஒப்பிடுங்கள்.

ஆபரேட்டர் திரைக்கு நேரே நிற்பதே அரிது. வேலைப்பொருளைப் பார்த்தபடி பக்கத்திலிருந்து ஒரு பார்வை பார்ப்பார். அதனால் எந்தக் கோணத்திலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரைக்குச் சற்று கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். டிஎன் வகை கிடைத்தால் கீழிருந்து பார்க்கும்போது எழுத்து கருத்துப்போகும் பக்கத்தைக் கவனித்து மாட்டுங்கள். தொடுதிரை வேண்டாம்.

முதலில் மேசையில், பிறகு மெஷினில்

பழைய மானிட்டரைக் கழற்றும் முன் புதுத் திரையையும் மாற்றியையும் மெஷின் அருகே ஒரு மேசையில் வைத்துத் தற்காலிகமாக இணைத்துப் பாருங்கள். மெஷினின் அசல் கேபிளை வெட்டவே கூடாது. அதே வகை எதிர்க் கனெக்டர் ஒன்றை வாங்கி, அதிலிருந்து மாற்றிக்கு ஒரு இடைக் கேபிள் செய்யுங்கள். பழைய ஃபானுக் கன்ட்ரோல்களில் ஹோண்டா எம்ஆர் வகைக் கனெக்டர் பரவலாக இருக்கும், தேடினால் இன்றும் கிடைக்கும். விஜிஏ பக்கத்தில் 1, 2, 3 என்பவை சிவப்பு, பச்சை, நீலம். 6, 7, 8 அவற்றின் கிரவுண்டுகள். 13 படுக்கை சிங்க், 14 செங்குத்து சிங்க், 10 சிங்க்கின் கிரவுண்ட்.

படம் வந்தால், கலங்கலாக இருந்தாலும் சரி, எழுத்தைப் படிக்க முடிந்தால் அந்த நிமிடமே பாராமீட்டர் பேக்கப்பை எடுங்கள். ஆர்எஸ்-232 வேலை செய்யவில்லையா, ஒவ்வொரு பாராமீட்டர் பக்கத்தையும் திரையிலிருந்து போட்டோ எடுங்கள். நூறு போட்டோ ஆனாலும் பரவாயில்லை.

படம் சாய்ந்து கிழிந்தால் வேகம் பொருந்தவில்லை. நடுவே பிளந்து இடம்மாறி நின்றால் சிங்க்கின் திசையை மாற்றிப் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் முதலில் கிரவுண்டைச் சரிபாருங்கள்.

டியூபை வெளியே எடுப்பது

இங்கே அவசரம் கூடாது. டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடியோடு ஒட்டியிருக்கும் தடித்த ஒயர்தான் ஆனோடு. சிறிய ஒற்றை நிறத் திரையிலேயே அங்கே 10 கிலோவோல்ட் அளவுக்கு இருக்கும், 14 அங்குல வண்ணத்தில் 20 கிலோவோல்ட்டைத் தாண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் டியூப் அந்தச் சுமையைப் பிடித்து வைத்திருக்கும்.

இந்த வேலை பழக்கமில்லை என்றால் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். பழக்கம் உள்ளவர்களும் ஒழுங்கு மாறாமல் செய்ய வேண்டும்: ஐசொலேட்டர் ஆஃப், பூட்டு, மானிட்டரின் மின் கேபிள் கழற்றியாயிற்று. நன்கு காப்பிட்ட நீண்ட தட்டை ஸ்க்ரூடிரைவரின் உலோகத் தண்டில் ஒரு ஒயரைக் கட்டி, ஒயரின் மறுமுனையை டியூபைச் சுற்றி ஓடும் வெறும் பின்னல் கம்பியில் கிளிப் போடுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியை ரப்பர் மூடிக்கு அடியில் மெதுவாக நுழைத்து உலோகத்தைத் தொடுங்கள். சத்தம் வரலாம், வராமலும் போகலாம். சில நிமிடம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள், கண்ணாடியில் மீந்திருக்கும் சுமை திரும்பக் கூடும்.

கண்ணுக்குக் கவசமும் கைக்குக் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். டியூபின் உள்ளே வெற்றிடம். கழுத்துப் பகுதி மெல்லியது, அதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. முகப்புப் பக்கத்தைத் தாங்கித் தூக்குங்கள்.

மின்சாரமும் கிரவுண்டும்

பழைய மானிட்டருக்கு என்ன மின்சாரம் போனது என்று அளங்கள். சிலவற்றுக்கு 24 வோல்ட் டிசி, சிலவற்றுக்கு 100 அல்லது 200 வோல்ட் ஏசி. 24 வோல்ட் டிசி வந்தால் வசதி. ஒரு நல்ல டிசி-டிசி மாற்றி வைத்து எல்சிடிக்கு 12, மாற்றிப் பலகைக்கு 5 என்று இறக்கிக்கொள்ளலாம். எல்சிடி எடுப்பது டியூபைவிடக் குறைவு, சப்ளைக்குச் சுமை அதிகமாகாது. ஆனால் கன்ட்ரோலின் லாஜிக் பலகைகளுக்குப் போகும் 5 வோல்ட்டிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். ஏசி வந்தால் தொழிற்சாலைத் தரத்திலான ஒரு சிறிய 12 வோல்ட் சப்ளையை ஃபியூஸோடு பெட்டிக்குள் பொருத்துங்கள்.

மேசையில் தெளிவாக இருந்த படம் ஸ்பிண்டில் சுழன்றதும் நடுங்கினால் அது டிரைவ்களிலிருந்து வரும் இரைச்சல். சிக்னல் கேபிள் கவசமுள்ளதாக இருக்கட்டும், முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும், மோட்டார் கேபிள்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். எல்சிடியின் உலோகச் சட்டத்தை மெஷினின் எர்த்தோடு அகலமான பின்னல் பட்டையால் இணையுங்கள். ஒரு ஃபெரைட் வளையமும் உதவும். காந்தச் சக், மோட்டார் இவற்றால் நிறம் கறைபடும் தொல்லை மட்டும் எல்சிடியில் கிடையாது.

சட்டத்தில் பொருத்துவது

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். திரைக்குக் கீழே சாஃப்ட் கீ பொத்தான்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் மேல் பெயர் எதுவும் அச்சிடப்பட்டிருக்காது. திரையின் கடைசி வரியில் தெரியும் பெயர்தான் அந்தப் பொத்தானின் பெயர். படம் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி நின்றால், ஆபரேட்டர் ஒரு பெயரைப் பார்த்து அடுத்த பொத்தானை அழுத்துவார்.

முகப்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒவ்வொரு பொத்தானின் நடுவிலிருந்தும் மேல்நோக்கிக் கோடு வரையுங்கள். தகட்டுப் பிராக்கெட்டில் எல்சிடியைப் பொருத்தும் துளைகளை நீள் துளைகளாகப் போடுங்கள். படத்தை ஓட்டியபடியே, பெயர்கள் கோடுகளுக்கு மேல் வரும்வரை திரையை நகர்த்தி இறுக்குங்கள். மீதிச் சிறு திருத்தத்தை மாற்றியின் அகலம், இடம் அமைப்புகளில் முடிக்கலாம். திரை பழைய டியூபைவிடச் சிறியதாக இருந்து பெயர்கள் உள்பக்கம் நெருங்கினால், பொத்தானையும் பெயரையும் இணைக்கும் சாய்கோடுகளைச் சட்டத்திலேயே வரைந்துவிடுங்கள்.

முன்னால் 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகடும், பழைய ரப்பர் கேஸ்கட் காய்ந்திருந்தால் புதியதும் போடுங்கள். கூலன்ட் ஆவியும் எண்ணெய்ப் புகையும் எந்த இடுக்கையும் விடாது. பெட்டிக்குள் விசிறி இருந்தால் அதற்குப் போகும் மின்சாரம் பழைய மானிட்டர் வழியாக வந்ததா என்று பாருங்கள். அப்படியென்றால் தனியாகக் கொடுங்கள்.

புள்ளிச் சோதனை

மேலே சொன்ன ஆபத்து இதுதான். பழைய கன்ட்ரோல்கள் பலவற்றில் X100. என்றால் 100 மில்லிமீட்டர். புள்ளி இல்லாமல் X100 என்றால் மிகச் சிறிய அலகில் நூறு, அதாவது 0.1 மில்லிமீட்டர். ஒரே ஒரு பிக்சல் அகலமுள்ள அந்தப் புள்ளியை மாற்றி விழுங்கிவிட்டால் ஆபரேட்டர் படிப்பதும் மெஷின் செய்வதும் ஆயிரம் மடங்கு வேறாகிவிடும். கழித்தல் குறியும் அப்படித்தான். நான் பொருத்திய திரைகளில் ஒன்றில், இடப்பக்கம் எல்லாம் தெளிவாக இருந்து வலப்பக்கம் சில பத்திகளில் மட்டும் புள்ளி மங்கி மறைந்தது. இரண்டு நாள் ஓடிய பிறகு டூல் ஆஃப்செட் பக்கத்தைப் பார்த்த ஆபரேட்டர்தான் கண்டுபிடித்தார். வெட்டு விழும் முன் தெரிந்தது நல்லதாயிற்று. அன்றிலிருந்து இந்தச் சோதனை முடியாமல் எந்த மெஷினையும் நான் கையளிப்பதில்லை.

எடிட் நிலையில் ஒரு புது புரோகிராம் திறந்து, வரி முழுவதும் X-8.8 Z-3.6 U-0.5 W-6.9 போன்ற எண்களை நிரப்புங்கள். திரையின் இடக் கோடி முதல் வலக் கோடி வரை, முதல் வரி முதல் கடைசி வரி வரை புள்ளியும் கழித்தலும் வர வேண்டும். 3, 6, 8, 9, 0 ஒன்றோடொன்று குழம்பக் கூடாது. ஆபரேட்டர் நிற்கும் இடத்திலிருந்து, அவரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எங்காவது கலங்கினால் பிக்சல் எண்ணிக்கையையும் ஃபேஸ் (பிக்சலுக்குள் மாதிரி எடுக்கும் இடம்) அமைப்பையும் திருத்துங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் அந்த மாற்றி இந்த மெஷினுக்கு ஆகாது, வேறு எடுங்கள். தலைகீழ் நிறத்தில் வரும் கர்சர், ஒளிரும் அலாரம், கிராஃபிக் பக்கம் இருந்தால் அதன் மெல்லிய கோடுகள் எல்லாவற்றையும் இதே போலப் பாருங்கள்.

பிறகு மெஷினை ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓட விடுங்கள். குளிர்ந்த நிலையில் பத்து முறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் படம் தானாக வருகிறதா? சில மாற்றிகள் கன்ட்ரோல் விழிக்கும் முன் சிக்னல் இல்லை என்று தூங்கிவிடும். அப்படி இருந்தால் அதன் அமைப்பில் தூக்கத்தை அணையுங்கள், முடியாவிட்டால் அதன் மின்சாரத்துக்கு ஒரு டைமர் ரிலே போட்டுச் சில விநாடி தாமதமாகக் கொடுங்கள்.

எல்லாம் சரியென்றானதும் அளந்த வேகம், சிங்க் திசை, பின் இணைப்பு, ரெசிஸ்டர் மதிப்பு, மாற்றியின் அமைப்புகள் இவற்றை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். பழைய டியூபின் கண்ணாடியில் ஈயம் உண்டு. அதை உடைக்காமல், குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள். அதன் சிக்னல் கனெக்டரை மட்டும் கழற்றி டப்பாவில் போட்டு வையுங்கள், அடுத்த மெஷினுக்கு இடைக் கேபிள் செய்யும்போது வேண்டியிருக்கும்.